சாரலுக்கு முன் மாட்டிய டிஷ்: இலஞ்சி வட்டாரத்தில் கோடை விடுமுறைக் கருவி பொருத்துநர் பற்றிய ஆய்வு

1. பொருளும் எல்லையும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, சிற்றாற்றுப் பாசனத்தில் வயலும் தென்னந்தோப்புமாகக் கிடக்கும் பேரூர் இலஞ்சி. ஏப்ரல் கடைசியில் தேர்வுகள் முடிந்ததும் பிளஸ் டூ எழுதியவர்களும் பாலிடெக்னிக், கல்லூரி மாணவர்களும் சிலர் டிஷ் கடைக்காரரோடும் கேபிள்காரரோடும் உதவியாளாகச் சேர்வார்கள். ஏணி தூக்குவது, சுவரில் துளை போடுவது, வயர் இழுப்பது, டிவியின் முன் நின்று சிக்னல் பார்த்துச் சொல்வது என்று தொடங்கும். மே நடுவாக்கில் தனியே ஒரு வீட்டுக்கு அனுப்பப்படும் அளவுக்குத் தேறிவிடுவார்கள். ஜூனில் படிப்புக்குத் திரும்பிவிடுவார்கள்.

இந்தக் குறுகிய கால உழைப்பே இக்கட்டுரையின் பொருள். டிடிஎச் டிஷ், கேபிள் பாக்ஸ் ஆகிய இரண்டைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அண்மையில் வந்த ஃபைபர் இணைப்பையும் கண்காணிப்பு கேமராவையும் தேவையான இடத்தில் தொட்டுச் செல்கிறேன். என் வாதம் இது: இந்த வேலைக்குக் கூலி, திரையில் படம் வந்த நொடியில் முடிவாகிறது. வேலை நல்லதா என்பதோ அந்த நொடிக்குப் பிறகு, மழையிலும் அந்த வீட்டாரின் மனத்திலும் முடிவாகிறது. அப்போது பொருத்தியவர் அங்கே இல்லை. இலஞ்சியில் இந்த இடைவெளி தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. காரணம் இங்குள்ள பருவம்.

2. தொழில் வந்த வழி

1982இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியபோது தென்மாவட்ட வீடுகளின் மேல் உயரமான ஆன்டெனாக்கள் எழுந்தன. அவற்றைத் திருப்பிவிடத் தெரிந்த பையன்தான் இந்தத் தொழிலின் முன்னோடி. தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. பெட்டி இல்லாத வீடுகளுக்கும் 14 அங்குலப் பெட்டி வந்து சேர்ந்தபின், அதற்குப் படம் கொண்டுவரும் வேலை தெருத்தெருவாகப் பெருகியது. டிஷ் டிவி 2003இலும் டாடா ஸ்கை 2006இலும் சன் டைரக்ட் அதையடுத்த ஆண்டுகளிலும் களத்துக்கு வந்தன. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. டிஜிட்டல் மாற்றம் நாடு முழுவதும் கட்டாயமான பின், 2017 செப்டம்பர் முதல் அரசு கேபிள் பாக்ஸ்களை இலவசமாகக் கொடுத்தது. பாக்ஸ் இலவசம்; அதை வீட்டுக்குள் கொண்டுபோய் மாட்ட ஆள் வேண்டும். இப்படி ஒவ்வொரு கொள்கை மாற்றமும் கடைசியில் யாரோ ஒரு இளைஞன் அயலார் வீட்டு ஸ்டூலில் ஏறி நிற்பதில்தான் நிறைவேறியது.

இலஞ்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. குற்றாலத்தில் சீசன் தொடங்கும் முன் லாட்ஜுகளும் வாடகை வீடுகளும் அறைகளைச் சீர்செய்யும். அந்த வேலையும் மே மாதத்தில்தான் விழும்.

3. வானத்தின் கோணம்

செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. இலஞ்சி ஏறத்தாழ 9 பாகை வடக்கு, 77.3 பாகை கிழக்கில் உள்ளது. கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் கோளை இங்கிருந்து பார்க்க வேண்டுமானால், டிஷ் கிழக்கிலிருந்து தெற்காகச் சுமார் 28 பாகை ஒதுங்கி, அடிவானத்திலிருந்து 68 பாகை நிமிர்ந்து நோக்க வேண்டும். 83 பாகைக் கோள் என்றால் 77 பாகைக்கும் மேல், கிட்டத்தட்ட உச்சி. அதே 93.5 பாகைக் கோளை தில்லியில் 52 பாகையிலேயே பிடித்துவிடலாம்.

இந்தக் கணக்கு ஊருக்கு நன்மை செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கிலும் தென்மேற்கிலும் நிற்பதால் டிஷ் மலைக்கு முதுகைக் காட்டியே நிற்கும், மலை மறைப்பதில்லை. தென்னையும் பெரும்பாலும் மறைப்பதில்லை. டிஷ்ஷைவிட 20 மீட்டர் ஓங்கி நிற்கும் மரம் கூட 8 மீட்டருக்கு அப்பால் இருந்தால் 68 பாகைப் பார்வையைத் தடுக்காது. தோப்பு நடுவே உள்ள வீட்டுக்காரர் “எங்க வீட்டுக்கு எடுக்காது” என்று சொல்லும்போது, முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்ட பையன் காம்பஸை வைத்துத் திசை பார்த்து, “எடுக்கும் அண்ணாச்சி” என்று உறுதியாகச் சொல்வான். பள்ளியில் முக்கோணவியலை மனப்பாடம் செய்தவன், அது வேலை செய்வதைத் தட்டட்டியில் நின்று காண்கிறான். இந்தக் கல்விக்கு மதிப்பெண் இல்லை என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் மூன்று பாகைக்குள் அடங்கும். போல்ட்டை இறுக்கும்போது தட்டு சற்றே நகர்ந்தாலும் சிக்னல் அளவு இறங்கிவிடும். அதனால் மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே நிற்பவர் எண்ணைப் படிக்க, மேலே இருப்பவர் நுனிவிரலால் தள்ளுவார். படம் வந்ததும் இறுக்காமல், எண் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் வரை தள்ளிவிட்டு மறுபடி உச்சத்துக்கு வருபவரே நல்ல வேலைக்காரர். அந்தக் கூடுதல் ஐந்து நிமிடம் மழை நாளுக்கான சேமிப்பு.

4. வாசல்

கருவி நூலில் இல்லாத பகுதி இது. என் பார்வையில் தொழிலின் கடினமான பகுதியும் இதுதான்.

பழைய நெல்லைச் சீமை வீட்டில் திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு, அடுப்படி என்று அடுக்கடுக்காக உள்ளே போகும். விருந்தினர் தார்சாவோடு நின்றுவிடுவார். உறவினர் பட்டாசல் வரை வருவார். அரங்கில் நெல்லும் நகையும் இருக்கும். வீட்டார் தவிர யாரும் நுழைய மாட்டார்கள். வயருக்கு இந்த வரிசை தெரியாது. டிவி பட்டாசலில் இருக்கும், வயர் இறங்க வசதியான மூலை அரங்கின் மேல் இருக்கும். முன்பின் அறியாத ஒரு பையன், பத்து ஆண்டு பழகிய பக்கத்து வீட்டுக்காரர் கூடக் காணாத அறையில் தலைக்கு மேல் டார்ச் அடித்து நிற்கிறான்.

உள்ளே போவதற்கு ஒரு முறை இருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை. கடையின் மூத்தவர் சொல்லித் தருவார். வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும்: “ஆச்சி, டிஷ் மாட்ட வந்திருக்கோம். அண்ணாச்சி வரச் சொன்னாங்க.” செருப்பைப் படிக்குக் கீழே விட வேண்டும். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடானால் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மதினி வந்து உட்காரும் வரை திண்ணையில் காத்திருப்பது நல்லது. கட்டில் மேல் ஏறக் கூடாது, ஸ்டூல் கேட்க வேண்டும். துளை போடும் முன் இடத்தைத் தொட்டுக் காட்டிச் சம்மதம் பெற வேண்டும். சாமி படம் மாட்டிய சுவரைத் தவிர்க்க வேண்டும். உதிர்ந்த சிமென்ட் தூளைத் தானே பெருக்கி அள்ள வேண்டும். பார்த்ததை வெளியே பேசக் கூடாது. நோயாளி படுத்திருக்கும் அறை, கடன்காரர் வந்து பேசும் பேச்சு, காலியான அரிசிப் பானை என்று எல்லாமே கண்ணில் படும். இந்த வாய்க்கட்டுப்பாடு பதினெட்டு வயதுக்காரரிடம் எதிர்பார்க்கப்படுகிறது, பெரும்பாலும் அவர் அதைக் காக்கவும் செய்கிறார். இதைத் திறமை என்று யாரும் கணக்கிடுவதில்லை.

முதல் கேள்வி வீட்டுப் பக்கமிருந்து வரும்: “எய்யா, நீ எந்த ஊரு? யாரு மவன்?” இதில் பரிவும் உண்டு. பல நேரம் பரிவு மட்டும்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் தெருவின் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் என்பதை இங்கு வளர்ந்த எவரும் அறிவர். பதில் சொன்னபின் தண்ணீர் எதில் வருகிறது, காப்பி எங்கே வைக்கப்படுகிறது, உள்ளறைக்குள் நுழையவிடுகிறார்களா அல்லது “வயரை மட்டும் கொடு, நாங்க இழுத்துக்கிடுதோம்” என்கிறார்களா என்பதில் அந்த இளைஞனுக்குப் பாடம் கிடைக்கிறது. சில கடைக்காரர்கள் எந்தத் தெருவுக்கு யாரை அனுப்புவது என்று முன்கூட்டியே பிரித்துவிடுவதும் உண்டு. பிரச்சினை வராமல் இருக்கத்தான் என்பார்கள். அது அந்த இளைஞனின் வேலை வாய்ப்பைச் சாதியால் வெட்டுவதே. அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. பட்டாசலுக்குள் நடப்பது வழக்காக வருவது அரிது. அதனால்தான் வேலையை ஒப்படைக்கும் கடையிலேயே இதை நிறுத்த வேண்டும் என்கிறேன்: அனுப்பிய ஆளை ஏற்காத வீட்டுக்கு இணைப்பு இல்லை என்று சொல்லும் துணிவு கடைக்காரருக்கு வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. பெயர் கேட்காமல் இலை போட்டுச் சோறு வைக்கும் வீடுகள் உண்டு. மேலே வெயிலில் நிற்கிறவனுக்கு மோர் கொடுத்தனுப்பி, “மெதுவா இறங்குய்யா, ஓடு வழுக்கும்” என்று கீழே நின்று ஏணியைப் பிடிக்கும் ஆச்சிகள் உண்டு. தன் தெருவைத் தாண்டி ஊரின் மற்ற வீடுகளின் உள்ளே எப்படி வாழ்கிறார்கள் என்று ஓர் இளைஞன் நேரில் காண, கோயில் கொடையும் கல்யாண வீடும் தராத வாய்ப்பை இந்த வேலை தருகிறது.

5. சாரல்

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் அக்டோபரில் வருகிறது. தென்காசிக்கு அப்படியில்லை. கேரளத்தில் ஜூன் முதல் நாள் வாக்கில் இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து, குற்றாலத்திலும் இலஞ்சியிலும் சாரலாகத் தூவுகிறது. சென்னையில் மே மாதம் மாட்டிய டிஷ்ஷுக்குப் பருவமழை வர நான்கு ஐந்து மாதம் இருக்கிறது. இலஞ்சியில் மாட்டியதற்குச் சில வாரங்களே. பிறகு ஆகஸ்ட் வரை, சில ஆண்டுகளில் செப்டம்பர் வரை, விட்டுவிட்டு ஈரம்.

சாரலால் சிக்னல் போகிறது என்பது பொதுவான நம்பிக்கை. டிஷ் பிடிக்கும் கூ (Ku) அலைவரிசையின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. பெருந்துளியாகக் கொட்டும் மழை அதைத் தடுக்கும். மே மாலையில் இடியோடு வரும் கோடைமழையில் படம் உறைவது அதனால்தான், மழை விட்டதும் திரும்பிவிடும். சாரலின் நுண்துளிகள் அவ்வளவு தடுப்பதில்லை. சீசனில் படம் போய்ப் பிறகு வராமலே போனால், குற்றம் வானத்தில் இல்லை. டிஷ்ஷின் முன் நின்று அலையை வாங்கும் எல்.என்.பி.யில் வயர் சேரும் கனெக்டரில் இருக்கிறது.

அங்கே நடப்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். பாக்ஸிலிருந்து அதே வயர் வழியாக 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரம் மேலே போகிறது. அலையின் கிடை, செங்குத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்க இந்த இரண்டு அழுத்தங்கள். கனெக்டரைச் சரியாக அழுத்தி மூடாவிட்டால் ஈரம் வயரின் பின்னலுக்குள் ஊறிக் கீழ்நோக்கி இறங்கும். ஈரமும் நேர்மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கும், களிம்பு பிடிக்கும். ஈரம் கோத்த வயர், வயரில் ஓடும் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் உயர்ந்தவற்றையே அதிகம் குடிக்கும். ஆகவே எல்லாச் சானலும் ஒன்றாகப் போகாது. சில மட்டும் முதலில் மறையும். வீட்டார் பாக்ஸ் பழுது என்று நினைத்து பாக்ஸை மாற்றுவார்கள். மாற்றியும் சரியாகாது.

தடுப்பது எளிது. ரப்பர் உறையைக் கனெக்டர் மேல் இழுத்துவிடுவது, வயரை வீட்டுக்குள் நுழையும் துளைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு வளைத்துப் பின் மேலேற்றுவது, துளையை வெளிப்பக்கம் சரிவாகப் போடுவது. ஓட்டு வீட்டில் இந்த வளைவை விட்டுவிட்டால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேரே பட்டாசலுக்கு வரும். ஒழுக்கு எங்கிருந்து என்று தெரியாமல் வீட்டார் ஓடு மாற்றுவார்கள். மே மாத வெயிலில் இவற்றின் தேவையை எவரும் உணர மாட்டார்கள். சொல்லிக் கொடுத்தால் பையன் செய்வான்; ஏன் என்று கண்ணால் காணும் முன் கல்லூரி திறந்துவிடும்.

2010 ஜூலை 7ஆம் தேதி நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். 93.5 பாகையில் நின்ற இன்சாட் 4பி கோளின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதி அணைக்கப்பட்டன. அதில் ஒளிபரப்பிய சன் டைரக்ட், 91.5 பாகையில் இருந்த மீசாட் 3 கோளுக்கு மாறியது. இரண்டு பாகை வேறுபாடுதான். மூன்று பாகைக்குள் பார்க்கும் டிஷ்ஷுக்கு அது போதும். கூரை கூரையாக ஏறித் தட்டைத் திருப்ப வேண்டியதாயிற்று. தென்காசிப் பக்கத்தில் ஜூலை என்றால் ஓட்டில் பாசி பிடித்திருக்கும் காலம். விடுமுறை ஆட்களும் வகுப்புக்குப் போயிருப்பார்கள்.

6. கூலி, வயது, பயிற்சி

கூலி பொதுவாக ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. உதவியாளுக்கு நாட்கூலி. இணைப்புக் கணக்கு வேகத்தை வளர்க்கும், ரப்பர் உறையை மறக்கடிக்கும். விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்பது கடைக்காரரின் மனதைப் பொறுத்தது. மின்கம்பி அருகே இரும்புக் குழாய் நிறுத்தும் வேலைக்கும், இடி முழங்கும் மாலையில் மாடியில் நிற்பதற்கும் இந்த ஏற்பாடு போதாது. 2016 திருத்தத்துக்குப் பின் 14 வயதுக்கு உட்பட்டோரை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் கூடாது. சட்டம் இந்த வேலையைப் பெயர் சொல்லி விலக்காவிட்டாலும், 18 நிறையாதவரைக் கீழே டிவி முன் நிறுத்தலாம், கூரையில் ஏற்றக் கூடாது என்பது என் நிலை.

மின்னணுத் துறைத் திறன் மன்றம் டிடிஎச் பொருத்துநருக்கென ஒரு தகுதிப் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. கோணமும் கருவியும் அதில் உண்டு. விடுமுறைக்கு வரும் மாணவருக்கு அது எட்டுவதில்லை. அவருக்குக் கிடைப்பது மூத்தவரின் வாய்மொழி மட்டுமே.

டிடிஎச் இணைப்புகள் நாட்டில் குறைந்துவருகின்றன. ஃபைபரில் இழை ஒட்டும் கருவி கடைக்காரர் கையில் இருக்கும், மாணவர் வயர் இழுப்பதோடு சரி. கேமராவில் புதிய பொறுப்பு ஒன்று சேர்கிறது: அது எதிர்வீட்டு வாசலைப் பார்க்கிறதா என்று ஏணியில் நிற்பவர்தான் முதலில் அறிகிறார். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

7. ஆடி மறுவருகை

இலஞ்சி, தென்காசி வட்டாரத்துக்கு நான் முன்வைக்கும் ஏற்பாடு சிறியது. இணைப்புக் கூலியை இரண்டாகப் பிரிக்கலாம். பெரும்பங்கு மாட்டிய அன்றே. மீதி, ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மாணவர் அதே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்த பின். கல்லூரிக்காரருக்கு ஞாயிறு விடுமுறைதான். கூரை நனைந்திருந்தால் ஏறத் தேவையில்லை. சுவரில் வயர் இறங்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கலாம், பாக்ஸில் சிக்னல் அளவைப் படித்து மே மாதம் குறித்த எண்ணோடு ஒப்பிடலாம், மேல் அலைவரிசைச் சானல்கள் வருகின்றனவா என்று வீட்டாரைக் கேட்கலாம். இதற்கு மே மாதத்திலேயே ஒரு நோட்டு வேண்டும்: வீடு, தேதி, எந்தக் கோள், சிக்னல் எண், வயர் நுழையும் பக்கம், மாட்டியவர் பெயர். அந்த நோட்டு கடையில் இருந்தால் அடுத்த கோடையில் வரும் புதிய மாணவருக்கு அதுவே பாடநூல். எண் குறைந்திருக்கும் வீடுகளில் வெயில் அடித்த நாளில் மூத்தவரோடு ஏறி, கனெக்டரைக் கழற்றிக் களிம்பை மாணவர் தன் கண்ணாலேயே காண வேண்டும். பிறகு பழைய நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டி, ரப்பர் உறையை முழுக்க இழுத்துவிட்டு இறங்கலாம்.