பகையைப் பிரிந்து வந்த பூச்சி

2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகம் மெக்சிகோ. கடல் கடந்தபோது அது தன் இயற்கைப் பகைவர்களை அங்கேயே விட்டுவிட்டது; துணைவர்களை மட்டும் உடலுக்குள் சுமந்து வந்தது. அத்துணைவர்கள் கூட்டுயிர்ப் பாக்டீரியாக்கள். செடிச்சாற்றில் போதாத அமினோ அமிலங்களை ஆக்கித் தரும் இவை, தாயிடமிருந்து சேய்க்குக் கடத்தப்படுபவை.

பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்கள் நலிந்தன. பூச்சியின் மெழுகுப் போர்வையைப் பூச்சிக்கொல்லிகள் எளிதில் ஊடுருவவில்லை. நஞ்சு படிந்த மல்பெரி இலையோ பட்டுப்புழுவையே கொன்றுவிடும்.

2010இல் பெங்களூருவின் தேசிய வேளாண் முக்கியப் பூச்சிகள் பணியகம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்களைத் தருவித்தது. அவற்றுள் 'அசெரோஃபேகஸ் பப்பாயே' சிறந்து நிலைபெற்றது. குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட, அதன் புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்தது. பூச்சியின் பெருக்கம் தணிந்தது. நஞ்சால் இயலாததை, பிரிந்த பகையின் மறுவருகை நிகழ்த்திற்று.