குழாய்த் தண்ணிக்கு மருந்து, பீலித் தண்ணிக்கு?

கண்டி டவுனில் சில நாள் குழாயைத் திறந்தாலே ஒரு வாடை மூக்கில் ஏறும். "இன்னைக்கு மருந்து கூடப் போட்டுட்டாங்க" என்று வீட்டில் சொல்வாங்க. அந்த மருந்துதான் குளோரீன். அது குடிதண்ணீருக்குள் வந்த கதையில் மலையகத்துக்கும் ஒரு பங்கு இருக்கு.

1820களில் கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே வாந்திபேதியில் செத்தவர்கள் ஏராளம். நோயைக் கொண்டு வருவதே இவர்கள்தான் என்று பழி போட்டார்கள். வழியில் இவர்கள் எந்தத் தண்ணியைக் குடித்தார்கள் என்று யார் கேட்டார்கள்?

1854இல் லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர், ஒரு தெருப் பம்பைச் சுற்றி நடந்த சாவுகளைக் கணக்கெடுத்து, வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்று காட்டினார். அப்போது பலர் நம்பவில்லை. ஆனால் குற்றவாளி ஆட்கள் இல்லை, தண்ணீர்தான் என்பது பிறகு உறுதியானது.

அப்போ தண்ணீரை என்ன செய்வது? துணி வெளுக்கப் பயன்பட்ட குளோரீன்தான் விடையானது. 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்ட் பரவியபோது தண்ணீரில் தொடர்ந்து கலந்தார்கள். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஜோன் லீல் என்ற மருத்துவர் நகரசபையின் அனுமதியைக் கேட்காமலே கலந்தார். விஷயம் நீதிமன்றம் வரை போனது. இது பாதுகாப்பானது என்று அங்கே ஏற்கப்பட்டது.

கண்டிக்கு இது ஏன் அவசியம்? கண்டி வாவியிலிருந்து வழியும் தண்ணீர், மெத எல வழியாக நகரத்தின் கழிவையும் சுமந்துகொண்டு கெட்டம்பேயில் மகாவலியில் சேர்கிறது. அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே கட்டுகஸ்தோட்டையில் சுத்திகரித்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள். குளோரீன் முதலில் அழுக்கோடும் கிருமியோடும் மோதும். மிஞ்சுகிற கொஞ்சம்தான் குழாய் நெடுக, உங்க வீடு வரை காவலுக்கு வரும். அது லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, 5ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாடை பிடிக்கலையா, பாத்திரத்தில் கொஞ்ச நேரம் திறந்து வையுங்க, குறைந்துவிடும்.

குறையே இல்லாத மருந்தும் இல்லை. தண்ணீரில் கிடக்கும் இலைதழை மக்கலோடு குளோரீன் சேர்ந்தால் வேண்டாத சில சேர்மங்கள் உருவாகும் என்று 1974இல் நெதர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். அதற்காக மருந்தை நிறுத்தவில்லை. முதலில் தண்ணீரைத் தெளியவைத்து வடிகட்டி, பிறகு கலப்பதே வழி.

இனி தோட்டத்துக்கு வருவோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டதிலிருந்து லயங்கள் பெருகின. பல லயங்களுக்கு இன்றும் பீலித் தண்ணிதான். மலையூற்று, ஒரு தொட்டி, ஒரு குழாய், அவ்வளவுதான். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், வாடையும் இருக்காது. ஆனால் ஊற்றுக்கு மேலே கழிவறைக் குழி இருந்தால் அந்தத் தெளிவு ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. அங்கே பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால், "சுத்தமா இருக்கத் தெரியாது" என்று திரும்பவும் ஆட்களையே குறை சொல்கிறோம்.

டவுனில் மருந்து வாடை அடித்தால் முறைப்பாடு செய்ய ஒரு சபை இருக்கு. பீலித் தண்ணியைக் கடைசியாக எப்போ பரிசோதித்தாங்க என்று தோட்டத்தில் யாரிடம் கேட்பது? உங்க லயத்துக்கும் தொட்டி இருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க.