விருந்தாக வந்த பாடகர்கள்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர்கள் ராக் இசைக் கலைஞரை வரவேற்ற வரலாற்றில் இப்பொருள் நன்கு விளங்கும்.

1964இல் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கா சென்றபின், நீள்முடி இளைஞரின் இசை பெற்றோர் பலருக்கு அச்சமூட்டியது. 1965இல் 'தி மன்ஸ்டர்ஸ்' தொடரில், ஸ்டான்டெல்ஸ் குழுவினர் பேயுருவக் குடும்பம் ஒன்றின் வீட்டை வாடகைக்கு எடுத்தனர். திரும்பி வந்த அக்குடும்பத்தினர் அவர்களோடு கூடிக் களித்தனர். அவ்வாண்டிலேயே டிக் வேன் டைக்கின் தொடரில், ரசிகர் கூட்டத்திற்கு அஞ்சிய ஆங்கிலப் பாடகர் இருவருக்கு ஓர் இல்லம் அடைக்கலம் தந்தது. அவ்விருவராக நடித்தோர் சாட் ஸ்டூவர்ட்டும் ஜெரமி கிளைடும் ஆவர். 1971இல் 'தி பிரேடி பன்ச்' தொடரில், மங்கீஸ் குழுவால் புகழ்பெற்ற டேவி ஜோன்ஸ், மாணவி ஒருத்தி பள்ளியில் கொடுத்த வாக்கைக் காக்க அவள் வீடு தேடி வந்தார். 1978இல் டூபி பிரதர்ஸ் குழுவினர், 'வாட்ஸ் ஹேப்பனிங்' தொடரில் தோன்றினர். இசை நிகழ்ச்சியைக் களவாக ஒலிப்பதிவு செய்தல் தவறு என்பதே அக்கதையின் படிப்பினை. அஞ்சப்பட்ட இசையே அறம் உரைத்தது!

பிரிட்டனில் காரணம் வேறு. 1982 முதல் 1984 வரை ஒளிபரப்பான பி.பி.சி.யின் 'தி யங் ஒன்ஸ்' தொடர், பல்சுவை நிகழ்ச்சிக்குரிய கூடுதல் நிதியைப் பெறும்பொருட்டே மோட்டார்ஹெட் போன்ற குழுக்களை அழைத்தது.

நோக்கம் வணிகமேயாயினும் விளைவு நன்றே. இளையோர் விரும்பும் இசையைக் கேளாமலே வெறுத்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் எளிது. புதியவரை உள்ளே அழைத்து அமர்த்திய பின்னரன்றோ அவரை அளந்தறிதல் இயலும்?