மண் பைப்பும் மரப் பைப்பும்

குளிர்கால விடுமுறை, கணப்படுப்பு, தோல் நாற்காலி, கையில் புகையும் பைப். ஆங்கிலப் படங்களும் துப்பறியும் கதைகளும் நம் மனத்தில் பதித்துவிட்ட லண்டன் காட்சி இது. வசதியும் படிப்பும் உள்ள, அவசரமில்லாத மனிதரின் பொழுதுபோக்கு பைப், தொன்றுதொட்டு அது அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறோம். லண்டனின் மண் வேறு கதை சொல்கிறது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பைப் அந்நகரத்தில் கூலிக்காரர் வரை எல்லார் வாயிலும் இருந்த மலிவுச் சாமான். சாதாரண ஜனங்கள் அதை விட்டுவிட்டு சிகரெட்டுக்குப் போன பிறகுதான் அது பொழுதுபோக்கு என்ற தகுதியைப் பெற்றது.

தேம்ஸ் நதியில் நீர் வடியும் நேரம் கரைச்சேற்றில் சுண்ணாம்புக்கட்டித் துண்டு போல வெள்ளை வெள்ளையாகக் கிடப்பவை மண் பைப்பின் உடைந்த தண்டுகள். இன்று அவற்றைத் தேடி எடுக்கத் துறைமுக ஆணையத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும். அன்று யாரும் குனிந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். டார்செட், டெவன் பகுதிகளின் வெண்களிமண்ணைத் திரித்து, நடுவே கம்பி செருகித் துளையிட்டு, இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டால் பைப் தயார். 1598இல் இங்கிலாந்து வந்த ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், நாடகக் கொட்டகையிலும் கரடிச் சண்டை நடக்கும் இடத்திலும் ஆங்கிலேயர் ஓயாமல் மண் பைப்பில் புகைப்பதாக எழுதிவைத்தார். முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு இந்தப் பழக்கம் அறவே பிடிக்காது. 1604இல் புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு ஒரு பவுண்டு எடைக்கு 2 பென்ஸாக இருந்த வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸாக ஏற்றினார். 1619இல் பைப் செய்பவர்களின் சங்கத்துக்குச் சாசனம் கொடுத்தவரும் அவரேதான். வெறுப்பு வேறு, வருமானம் வேறு! வர்ஜீனியாவில் பிறகு அடிமைகளின் உழைப்பில் புகையிலை குவியக் குவிய விலை சரிந்தது. ஆரம்பகாலப் பைப்பின் கிண்ணம் விரல்நுனி அளவுதான். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது பல மடங்கு பெருத்தது. கிண்ணத்தின் அளவையும் வடிவத்தையும் பார்த்தே அகழாய்வாளர்கள் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள்.

அப்படியானால் அந்தக் காலத்தில் பைப்பில் ஓய்வே இல்லையா என்று கேட்கலாம். காபிக் கடைகளில் வணிகர்கள் புகைத்தபடி செய்தித்தாள் படித்தார்கள். 1683–84 குளிர்காலத்தில் தேம்ஸ் உறைந்தபோது பனிக்கட்டியின் மேலேயே ஒரு சந்தை முளைத்தது: குதிரைப் பந்தயம், பொம்மலாட்டம், மதுக்கூடாரங்கள், ஓர் அச்சகம்கூட. மது விற்ற இடத்தில் புகையிலை மட்டும் இல்லாமல் போயிருக்காது. ஓய்வு நேரத்திலும் புகைத்தார்கள் என்பது சரிதான். ஆனால் பொழுதுபோக்கு என்றால் அந்தப் பொருள்மீதே ஒரு பற்று இருக்க வேண்டும்: தேர்ந்தெடுப்பது, சேர்ப்பது, துடைத்துப் பாதுகாப்பது. மண் பைப்பை யாரும் அப்படிக் கொண்டாடவில்லை. மதுக்கடைகளில் பழைய பைப்புகளை இரும்புச் சட்டத்தில் அடுக்கி, நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்து, அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்கள். ஒருமுறை புகைத்ததும் வீசிவிடுவார்கள் என்று சொல்வது மிகை. அதற்காக அதைப் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள் என்றும் ஆகிவிடாது.

இன்னொரு வாதம் கொஞ்சம் பலமானது. நிரப்பி, அழுத்தி, பற்றவைத்து, அணைந்தால் மறுபடி பற்றவைத்து என்று பைப் இயல்பிலேயே நிதானம் கேட்கும் பொருள், அவசரக்காரனுக்கு அது ஒத்துவராது என்பார்கள். இதற்கு எலும்புக்கூடுகளே பதில் சொல்கின்றன. கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் கத்தோலிக்க இடுகாடு ஒன்றைத் தோண்டியபோது 1843க்கும் 1854க்கும் இடையில் புதைக்கப்பட்டவர்களின் பற்கள் ஆராயப்பட்டன. வயது வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேருமிடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். வாயை மூடினாலும் ஒரு பைப் தண்டு நுழையும் அளவு இடைவெளி. எப்போதாவது அமர்ந்து புகைத்தால் பல் இப்படித் தேயாது. குட்டைத் தண்டை ஆண்டுக்கணக்கில் கடித்துப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருந்ததால்தான் பைப் பல்லுக்குப் போனது என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் ஷெர்லாக் ஹோம்ஸ்கூடக் கதைகளில் கறுத்து எண்ணெய்ப் பிசுக்கேறிய மண் பைப்பைப் பிடிப்பவர்தான். சுரைக்குடுவையில் செய்த அந்தப் பெரிய வளைந்த பைப்பை அவர் கையில் கொடுத்தது கதை அல்ல, பின்னால் வந்த மேடையும் திரையும். (1887இல் வந்த முதல் நாவலில் அவர் சாம்பலைப் பார்த்தே அடையாளம் சொல்வது நம் திருச்சிச் சுருட்டை.)

மாற்றம் இரண்டு பக்கமிருந்து வந்தது. மத்தியதரைக்கடல் பகுதிப் புதர் ஒன்றின் வேர்முண்டில் செய்த பிரையர் பைப் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. அது உடையாது, எளிதில் கருகாது, வருஷக்கணக்கில் வரும். ஆகவே விலையும் வைக்கலாம், காதலும் வைக்கலாம். இன்னொரு பக்கம், 1880களில் இயந்திரம் சிகரெட்டை மலிவாக்கியது. முதல் உலகப் போருக்குப் பிறகு சாதாரண மக்களின் புகை சிகரெட் என்றாகிவிட்டது. இந்த இடைவெளியில் கடை விரித்தவர் ஆல்ஃபிரட் டன்ஹில். குதிரைச் சேண வியாபாரக் குடும்பத்தில் வந்தவர். மோட்டார் காருக்கான சாமான்கள் விற்றவர். ஓடும் காரில் காற்று அணைக்காதபடி முன்புறம் தடுப்பு வைத்த பைப்பையும் விற்றார். 1907இல் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கலவை தயாரித்து, அதன் விகிதத்தைப் பேரேட்டில் குறித்துவைத்தார். ருசி, தேர்வு, பெயர் எழுதிய பக்கம்: பொழுதுபோக்குக்கு வேண்டிய எல்லாம் அங்கே கூடிவிட்டன.

மருத்துவமும் ஒருவகையில் துணைபோனது. 1950இல் டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் லண்டன் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு நுரையீரல் புற்றுநோய்க்கு சிகரெட்டையே முதன்மையாகக் காட்டியது. பைப் நிரபராதி இல்லை. வாய், உதடு, தொண்டைப் புற்றுநோய்களில் அதற்குப் பங்குண்டு. ஆனாலும் பைப் நிதானசாலியின் புகை என்ற பெயர் வலுத்தது. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஹரால்ட் வில்சன் வெளியில் பைப்போடு காட்சி தருவார், தனிமையில் சுருட்டுப் பிடிப்பார். பார்ப்பவருக்காகத்தான் பைப் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டமும் இந்தப் பிம்பத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை. குளிரோ மழையோ, மதுக்கடை வாடிக்கையாளர் வெளியே நின்றுதான் பற்றவைக்க வேண்டும். ஆனால் தனிச்சிறப்பான புகையிலைக் கடைகளில் மட்டும், வாங்க வந்தவர் சுருட்டையும் பைப் புகையிலையையும் உள்ளேயே ருசி பார்க்கலாம். சிகரெட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.