ஈரலின் வாயிலும் வடிகாலும்

வயிறு பானைபோல் வீங்கிக் கைகால் மெலிந்து வருந்தும் நோயைப் பழந்தமிழ் மருத்துவர் மகோதரம் என்றனர். கிரேக்க நாட்டு மருத்துவரும் அந்நோயை அறிந்திருந்தனர். நோயின் பெயர் மிகப் பழையது; அதன் காரணங்களோ கடந்த சில நூற்றாண்டுகளில் ஒவ்வொன்றாகத் துலங்கியவை. காரணங்கள் பல என்பதும், அவற்றுள் இரண்டு ஒரே உடலில் ஒருங்கே குடியிருக்கக்கூடும் என்பதும் மருத்துவ உலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட பாடங்களாகும்.

இரு வழி வரவு, ஒரு வழி செலவு

உடலின் பெரும்பாலான உறுப்புகளுக்கு இரத்தம் வரும் வழி ஒன்று. ஈரலுக்கோ இரண்டு வழிகள் உண்டு. நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் அதனுள் பாய்கின்றது. அதில் முக்கால் பங்கு, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வாயிற்சிரை என்னும் பெருங்குழாய் வழியாக வருகின்றது. எஞ்சியது தமனி வழியாக வருகின்றது. உள்ளே வந்த இரத்தம் அனைத்தும் ஈரற்சிரைகள் வழியாக வெளியேறி இதயத்தை நோக்கிச் செல்கின்றது. வாயிற்சிரையை ஈரலின் வாயில் என்றால், ஈரற்சிரைகளை அதன் வடிகால் எனலாம்.

இந்த உண்மை எளிதில் கிட்டியதன்று. ஈரலே இரத்தத்தை உண்டாக்குகிறது என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் காலென் கூறிய கருத்து, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் மேனாட்டு மருத்துவத்தை ஆண்டது. 1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டத்தை விளக்கிய பின்னரே அக்கருத்து தளர்ந்தது. 1654-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் பிரான்சிஸ் கிளிசன் ஈரலைப் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். வாயிற்சிரையில் வெந்நீரையும் பாலையும் செலுத்தி, அவை ஈரலைக் கடந்து மறுபுறம் வெளிவருவதை அவர் காட்டினார்.

வடிகால் அடைபட்டால்

வடிகால் அடைபட்டால் என்ன நேரும்? இதற்கு விடை கண்டவர்களுள் முதல்வர் ஜார்ஜ் பட் என்னும் ஆங்கிலேயர். தேம்ஸ் ஆற்றில் மாலுமிகளின் மருத்துவமனையாக நின்ற 'டிரெட்நாட்' கப்பலில் பணியாற்றியவர் அவர். பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். ஈரல் நோய்களைப் பற்றி 1845-இல் அவர் வெளியிட்ட நூலில், ஈரற்சிரைகள் அடைபடும் நோய் விவரிக்கப்பட்டது. 1899-இல் பிராக் நகரத்து நோய்க்குறியியல் பேராசிரியர் ஹான்ஸ் கியாரி அதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். இருவர் பெயராலும் அது 'பட்-கியாரி நோய்' என வழங்கலாயிற்று.

வெளியேற வழியின்றி இரத்தம் தேங்க, ஈரல் வீங்குகின்றது. வயிற்றில் நீர் கோக்கின்றது. ஆனால் அந்த அறிஞர்கள் அடைப்பைக் கண்டது பிணப் பரிசோதனை மேசையிலேதான். உயிரோடிருக்கும் நோயாளியிடம் அதனைக் காணும் கருவி அந்நாளில் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

இதே காலத்தில் மற்றொரு வரலாறு தனியே வளர்ந்து வந்தது. 1883-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரெமன் நகரில் கப்பல் கட்டும் தொழிலாளர் 1,289 பேருக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. மனித உடலிலிருந்து எடுத்த நிணநீரில் செய்த மருந்து அது. அடுத்த சில மாதங்களில் அவர்களுள் 191 பேரை மஞ்சட்காமாலை பற்றியது. 1942-இல் அமெரிக்கப் படைவீரர் ஏறத்தாழ 50,000 பேர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குப் பின் அவ்வாறே நோயுற்றனர். அவர்களுக்கு இட்ட மருந்திலும் மனிதக் குருதிநீர் சேர்ந்திருந்தது. இரத்தத்தின் வழியே ஏதோ ஒன்று பரவுகிறது என்பது உறுதியாயிற்று. 1947-இல் மக்கலம் என்னும் ஆங்கில அறிஞர், உணவாலும் நீராலும் பரவும் ஈரல் அழற்சியை 'ஏ' என்றும், இரத்தத்தால் பரவுவதை 'பி' என்றும் வகுத்தார்.

அந்தப் பகைவன் அகப்பட்டது தற்செயலாகவே. அமெரிக்காவில் பாரூக் பிளம்பர்க் பல நாட்டு மக்களின் இரத்தத்தை ஒப்பிட்டு ஆராய்ந்து வந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதிநீரில் இருந்த புதுப் புரதம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1965-இல் அதனை 'ஆஸ்திரேலிய ஆன்டிஜென்' என்ற பெயரால் அறிவித்தார். அது 'பி' வைரஸின் மேலுறையே என்பது அடுத்த சில ஆண்டுகளில் புலனாயிற்று. 1976-இல் பிளம்பர்க் நோபல் பரிசு பெற்றார்.

ஒன்று மற்றொன்றை மறைத்தல்

புதிய அறிவு புதிய தவறுக்கும் வழிவிடும். 'பி' வைரஸ் பல்லாண்டுகள் தங்கினால் ஈரல் தழும்பேறி இறுகலாம். இறுகிய ஈரலுள் இரத்தம் எளிதில் புகாது. வாயிற்சிரையில் அழுத்தம் மிகும், மண்ணீரல் பெருக்கும், உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து, சில வேளை வெடித்து உயிருக்கே உலை வைக்கும், வயிற்றில் நீர் சேரும். வடிகால் அடைப்பும் ஏறக்குறைய இதே கோலத்தைத்தான் உண்டாக்குகிறது.

ஆகவே, மகோதரத்தோடு வரும் ஒருவரின் இரத்தத்தில் 'பி' வைரஸ் காணப்பட்டால், "காரணம் கிடைத்துவிட்டது" என்று தேடலை நிறுத்திவிடுவது எளிது. அவருடைய ஈரற்சிரையில் இரத்தம் உறைந்திருந்தால், அது கவனிப்பாரின்றி வளரும். இரத்த அணுக்கள் அளவுமீறிப் பெருகும் நோய்களே பலருக்கு இவ்வுறைவின் வேர். இந்நோய்களைக் காட்டிக்கொடுக்கும் 'ஜாக்-2' என்னும் மரபணு மாற்றம் 2005-இல்தான் கண்டறியப்பட்டது. வைரஸை அடக்கும் மருந்து இந்த வேரைத் தொடாது.

மறுபுறத் தவறும் உண்டு. சிரை அடைப்பை மட்டும் நோக்கி வைரஸை மறந்துவிட்டு, மாற்று ஈரலைக் காக்கவோ வேறு நோய்க்காகவோ உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைக் கொடுத்தால், உறங்கிக் கிடந்த வைரஸ் சீறி எழக்கூடும்.

சரிந்த ஒரு நம்பிக்கை

ஈரல் இறுகியவருக்கு இரத்தம் எளிதில் உறையாது என்பது நெடுங்கால நம்பிக்கை. உறைவுக்குரிய புரதங்களில் பெரும்பாலானவை ஈரலிலே உருவாவதால் அது நியாயமாகவே தோன்றிற்று. ஆனால் உறைவைத் தடுக்கும் புரதங்களும் அதே ஈரலிலேதான் உருவாகின்றன. தராசின் இரு தட்டுகளும் ஒருங்கே தாழ்கின்றன. ஓட்டம் மந்தமான வாயிற்சிரையில் இரத்தம் உறைவது அரிதன்று.

2012-இல் இத்தாலியின் மொதேனா நகர ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனை இதனைத் தெளிவாக்கிற்று. ஈரல் இறுகிய நோயாளர் 34 பேருக்கு ஓராண்டு காலம் உறைவுத் தடுப்பு ஊசி அளிக்கப்பட்டது. 36 பேருக்கு அளிக்கப்படவில்லை. இரண்டாண்டு அளவில் ஊசி பெற்றவருள் ஒருவருக்கும் வாயிற்சிரை அடைபடவில்லை. மற்றவருள் 10 பேருக்கு அடைபட்டது. சோதனை சிறியதே. எனினும் வாயிற்சிரையின் உறைவைத் தடுக்க இயலும் என்பதை அது காட்டியது. இத்தகைய மருந்து யாருக்கு ஏற்றது என்பதை, இரத்தக்கசிவின் ஆபத்தையும் எடைபோட்டு மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

பிராக் நகரத்தின் இரு கொடைகள்

கியாரி பணியாற்றிய பிராக் நகரிலேதான், அவருக்கு முன்பே 1842-இல், கிறிஸ்தியன் டாப்ளர் என்னும் அறிஞர் ஒரு தத்துவத்தை வெளியிட்டார். அலையை எழுப்பும் பொருள் அணுகும்போதும் அகலும்போதும் அவ்வலை மாறித் தோன்றும் என்பது அது. விண்மீன்களின் நிறத்தை விளக்க அவர் கண்ட தத்துவம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் மருத்துவர் கைக்கு வந்தது. இன்று வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்து, ஈரலின் வாயிலிலும் வடிகாலிலும் இரத்தம் எத்திசையில் ஓடுகிறது என்பதைச் சில நிமிடங்களில் கண்டுவிடலாம்.

சிகிச்சையும் முன்னேறியது. 1988-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகர மருத்துவர், கழுத்துச் சிரை வழியே கருவியைச் செலுத்தி ஈரலுக்குள்ளேயே வாயிலையும் வடிகாலையும் இணைத்து இரத்தத்திற்கு மாற்று வழி அமைத்தனர். வைரஸை அடக்கும் 'லாமிவுடின்' மாத்திரை 1998-இல் 'பி' நோய்க்கு வந்தது; அதனினும் சிறந்தவை பின்னர் வந்தன.

எல்லாவற்றினும் பெரிய வெற்றி தடுப்பூசியே. சிங்கப்பூரில் 1985-இல் வைரஸுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987-இல் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் அது அளிக்கப்படலாயிற்று. மலேசியா 1989-இல் அவ்வாறே தொடங்கியது. அந்த ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர்கள் இன்று நடுவயதையும் முதுமையையும் எய்தியுள்ளனர். 2022-இல் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் இவ்வைரஸைத் தாங்கி வாழ்ந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பலர் அதனை அறியார்.

அறிந்தவருக்கும் இவ்வரலாறு ஓர் எச்சரிக்கை தருகின்றது. வைரஸ் அடங்கியிருந்தும் வயிறு வீங்கினால், அது பழைய நோயின் போக்கு என்று வாளாவிருத்தல் தகாது. பட் அவர்கள் பிணத்தில் கண்ட அடைப்பை இன்று உயிருள்ளவரிடம் காணலாம். தேடுவோர் இருந்தால் நீக்கவும் வழி பிறக்கும்.