எந்த ஈயம்?

ஈயம் என்று யாராவது சொன்னால், "எந்த ஈயம்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். தமிழில் வெள்ளீயமும் ஈயம்தான், காரீயமும் ஈயம்தான். முன்னது கோலாலம்பூரை உருவாக்கியது. பின்னது துப்பாக்கி ரவையானது.

1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் படகில் வந்து, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். வெள்ளீயம் கிடைத்தது. ஆனால் ஒரே மாதத்தில் காய்ச்சல் வாரிக்கொண்டது போக மிஞ்சியவர்கள் 18 பேர்தான்! பிறகு அந்த ஈயத்தை ஏற்றிச் செல்ல 1886இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடியது. ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் பலர் குடியேறிய இடமே பிரிக்பீல்ட்ஸ்.

ரயில் வருவதற்கு முந்தைய ஆண்டு, சீனாவின் சுவாத்தோவிலிருந்து யோங் கூன் என்ற இளைஞர் கோலாலம்பூர் வந்தார். ஊதுபத்திக் கிண்ணம், பூசை மாடத்து விளக்குத்தண்டு என்று வெள்ளீயத்தில் வார்த்தார். அந்தப் பட்டறைதான் இன்று செத்தாப்பாக்கில் இருக்கும் ராயல் சிலாங்கூர் பியூட்டர் நிறுவனம்.

வார்ப்பு வேலை பார்ப்பதற்குத்தான் எளிது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். ஆனால் தனியாக வார்த்தால் மிருதுவாக இருக்கும், எளிதில் நசுங்கும். கொஞ்சம் ஆண்டிமனியும் செம்பும் சேர்த்தால் உறுதி வரும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டுமே என்று கேட்கலாம். உருகிய வெள்ளீயத்தில் அது கரைந்துவிடும், தேநீரில் சர்க்கரை போல. அதனால்தான் 250 டிகிரி அளவிலேயே ஊற்ற முடிகிறது.

தவறு நேர்வது பெரும்பாலும் சூட்டில்தான். அச்சு ஆறியிருந்தால் உலோகம் ஓரம்வரை ஓடாமல் பாதியில் உறையும்; மேலே சுருக்கம் விழும். அச்சு மிகவும் சுட்டால் இறுக நேரமாகும், உள்ளே ஓட்டை விழும். உலோகத்தை அதிகம் காய்ச்சினால் கசடு பெருகும். காரீயக் குண்டு வார்ப்பவருக்கும் இதே தொல்லைகள்தான். அவரும் அச்சு நன்றாக நிரம்ப வெள்ளீயமும், கெட்டிப்பட ஆண்டிமனியும் சேர்க்கிறார். ஒரே வித்தை, வேறு சரக்கு.

அந்தக் காலத்து ஐரோப்பிய பியூட்டர் குவளைகளில் காரீயமும் கலந்திருந்தது. மலிவு என்பது ஒரு காரணம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் காரீயமே இல்லாத கலவை வந்தது. ராயல் சிலாங்கூரின் கலவையிலும் இன்று காரீயம் கிடையாது.

இது நம் வீட்டு ஈயச் சொம்புக்கும் பொருந்தும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும், முதலில் தண்ணீர் ஊற்று என்று பாட்டிமார் அதட்டியது அந்த 232 டிகிரிக்காகத்தான். ஆனால் கலப்படத்தைக் கண்டுபிடிக்க அதட்டல் போதாது. புளித்தண்ணீர் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கும். குழந்தைகளின் மூளையைக் கெடுக்காத காரீய அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும்; வெள்ளீயக் கம்பியை வளைத்தால் கிறீச்சிடும். ஆனால் கோடு விழவில்லை என்பதாலேயே கலப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. சிறிதளவு கலப்பைக் காட்ட ஆய்வுக்கூடச் சோதனைதான் வேண்டும்.