பழம்பொருளில் பிறந்த கணிப்பொறி



முடி மன்னர்களையும் போர்களையும் வரலாறு என்று படிக்கிறோம். ஒரு பொறி ஓடாமல் நின்றதும் வரலாறு ஆகுமோ என்று நீங்கள் கேட்கலாம். ஆகும் என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக, பெர்லின் நகரத்து இளைஞர் ஒருவர் தம் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் அமைத்த கணிப்பொறியின் கதையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் கான்ராட் சூசே, 1910-இல் பிறந்தவர். கட்டடப் பொறியியல் கற்று 1935-இல் பட்டம் பெற்றார். விமானத் தொழிற்சாலையொன்றில் பணியில் அமர்ந்தார். ஒரே வகைக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் வேலை அவருக்குச் சலித்தது. அதனை எந்திரத்திடம் ஒப்படைக்கத் துணிந்து, வேலையையும் விட்டார். பெற்றோரும் நண்பர்களும் பணம் தந்தனர். நண்பர்கள் வந்து உலோகத் தகடுகளை அறுத்தும் கொடுத்தனர். 1936-இல் தொடங்கிய வேலை 1938-இல் முடிந்தது. இசட்-1 எனப் பெயர் பெற்ற அப்பொறி 0, 1 என்ற இரண்டே குறிகளால் கணக்கிட்டது. கட்டளைகளைத் துளைகளாகத் தாங்கியது, பயன் தீர்ந்த திரைப்படச் சுருள்!

ஆனால் பொறி ஒழுங்காக ஓடவில்லை. அடிக்கடி சிக்கிக்கொண்டு நின்றது. மற்றொருவராயின் முழுவதையும் மூலையில் எறிந்திருப்பார். சூசேயோ, கோளாறு எந்த உறுப்பில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். எண்களைச் சேமித்து வைக்கும் நினைவகத்தில் தகடுகள் சிறிதளவே நகர்ந்தன. அது நன்றாகவே இயங்கியது. கணக்கிடும் பகுதியிலோ, ஓர் அசைவு தகடு தகடாகத் தாவிச் செல்லவேண்டும்; திசை மாறவும் வேண்டும். இடையில் ஒரு தகடு இம்மியளவு பிசகினாலும் எல்லாம் நின்றுவிடும். எனவே கொள்கை பழுதன்று, அதைத் தாங்கிய பொருளே பழுது என்பது தெளிவாயிற்று.

ஆகவே இரண்டாம் பொறியில் அவர் தகட்டு நினைவகத்தை வைத்துக்கொண்டு, கணக்கிடும் பகுதியை மட்டும் மாற்றினார். அங்கே தொலைபேசி நிலையங்களில் பயன்பட்டுக் கழிந்த பழைய ரிலேக்களை வாங்கிப் பொருத்தினார். ரிலே என்பது, மின்சாரம் பாய்ந்தவுடன் காந்தமாகி ஒரு தகட்டை இழுத்து, வேறொரு மின்பாதையைத் திறக்கவோ மூடவோ செய்யும் சிறு கருவி. தகட்டின் அசைவைத் திருப்புவது அரிது; மின்கம்பியை வளைப்பதோ எளிது அன்றோ? 1940-இல் இப்பொறியைக் கண்ட விமான ஆராய்ச்சி நிலையத்தார் அடுத்த பொறிக்குப் பொருளுதவி செய்தனர்.

1941 மே 12-ஆம் நாள் இசட்-3 காட்டப்பெற்றது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரிலேக்கள் கொண்ட அதுவே, கட்டளைப்படி தானே இயங்கிய முதல் பொதுநோக்குக் கணிப்பொறி என்று பலரும் போற்றுகின்றனர். ரிலேயின் தொடுமுனைகளில் தீப்பொறி தெறித்தால் அவை கருகித் தேயும். இதைத் தவிர்க்க, முனைகள் சேர்ந்த பின்னரே மின்சாரம் பாயும்படி சுழலும் உருளையொன்றை அமைத்தார். தேய்வு எல்லாம் அந்த உருளைக்கே உரியதாயிற்று, கண்காணிப்பதும் எளிதாயிற்று.

இக்கதையில் நிழலும் உண்டு. அவர் உழைத்த காலம் நாஜி ஆட்சிக் காலம். பறக்கும் குண்டுகளின் இறக்கைக் கணக்குக்கும் அவர் தனிப் பொறி அமைத்தார். அதே போரின் குண்டுவீச்சில் 1943 டிசம்பரில் இசட்-3 அழிந்தது. முதற்பொறியும் போரிலேயே அழிந்தது. போரின் இறுதி நாட்களில் பெர்லினை விட்டு வெளியேற்றப்பட்ட இசட்-4 மட்டும் பிழைத்தது. 1950-இல் அது சுவிட்சர்லாந்தில் சூரிக் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வாடகைக்குச் சென்று, அமைதிக்காலக் கணக்குகளைப் போட்டது.

எழுபது வயதைக் கடந்த பின் சூசே தம் முதற்பொறியை மீண்டும் செய்தார். 1989 முதல் அது பெர்லின் தொழில்நுட்பக் காட்சிச்சாலையில் இருக்கிறது. 1995-இல் அவர் மறைந்தார்.

பழைய உறுப்புகளைத் திரட்டிக் கணினி அமைக்கும் மாணவர்கள் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: பொறி நின்றால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றாதீர்கள். ஒரு முறைக்கு ஓர் உறுப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். நன்றாக உள்ளதை விட்டுவையுங்கள். நினைவகத்தைக் காத்துக் கணக்குப் பகுதியை மட்டும் மாற்றிய அந்த முடிவுதான், வீட்டுக் கூடத்தில் நின்றுபோன ஒரு பொறியை வரலாற்றுக்குள் கொண்டுவந்தது.